பேசாத பிள்ளையும் பேசும் இடமும்

விஜயதசமி நாளில் நம் ஆலயங்களில் குழந்தைகளுக்கு ஏடு தொடங்கி வைக்கும் காட்சியைக் காணாத அன்பர்கள் இருக்க மாட்டார்கள். அரிசி பரப்பிய தட்டில் பிஞ்சு விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைக்கிறோம். பெற்றோர் முகத்தில் பூரிப்பு. தாத்தா பாட்டி கண்களில் நீர். பாலர் பள்ளி ஆசிரியையாக நெடுங்காலம் பணியாற்றியவள் என்பதால், அந்நாளில் பெற்றோர் பலர் என்னிடம் வந்து பேசுவதுண்டு. ஆண்டுதோறும் தவறாமல் வருகின்ற கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், நாங்க சொல்றதெல்லாம் பிள்ளைக்குப் புரியுது. ஆனா வாயைத் திறந்து தமிழ் பேச மாட்டேங்குது. என்ன செய்யறது?" என்பதே அக்கேள்வி.

ஒரு காலத்தில் இதற்கு நான் எளிதாக விடை சொல்லிவிடுவேன். "வீட்டில் பயிற்சி கொடுங்கள், படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லுங்கள்" என்பேன். இன்று அவ்வாறு சொல்வதில்லை. "பிள்ளை எங்கே பேசுவதில்லை? யாரிடம் பேசுவதில்லை? எங்கேயாவது, யாரிடமாவது பேசுகிறதா?" என்று திருப்பிக் கேட்கிறேன். இந்த மாற்றத்திற்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்றை, மலர்க்குழுவினர் கட்டுரை கேட்ட இவ்வேளையில், மெய்யன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன். அதில் தவறு செய்தவள் நானே. ஆகவே பள்ளியின் பெயரோ குடும்பத்தின் பெயரோ இங்குத் தேவையில்லை.

நான் எழுதிய ஒரு வரி

என் வகுப்பில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். ஆண்டின் தொடக்கத்தில் சேர்ந்தவள். அழுததில்லை, அடம் பிடித்ததில்லை. வரிசையில் நிற்பாள், பாட்டுக்குக் கை தட்டுவாள், சொன்ன இடத்தில் அமர்வாள். ஆனால் தமிழ் வகுப்பில் அவள் குரலை நான் கேட்டதே இல்லை. பட அட்டையைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன?" என்று கேட்பேன். யானைப் படத்தைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், பிறகு தன் காலணியைப் பார்ப்பாள். பக்கத்துப் பிள்ளை விடை சொல்லிவிடும். இருபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும்? அடுத்த அட்டையை எடுத்துவிடுவேன்.

ஜூன் விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு முன்னேற்ற அறிக்கை கொடுப்பது வழக்கம். அதில் "தமிழில் பேசும் திறன்" என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில், "தமிழில் பேச இயலவில்லை" என்று எழுதினேன். நான் கண்டதைத்தான் எழுதினேன் என்பதால் மனத்தில் எவ்வித உறுத்தலும் இல்லை.

மூன்று மாதங்கள் கழிந்திருக்கும். சங்கடஹர சதுர்த்தி மாலை, ஆலயத்தில் பிள்ளையாருக்கு அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. தூணோரமாக அமர்ந்திருந்தேன். எனக்கு முன்னால், தன் பாட்டியின் மடியில் சாய்ந்தபடி அந்தச் சிறுமி. என்னை அவள் பார்க்கவில்லை. குருக்கள் பால்குடத்தைச் சாய்க்கத் தொடங்கியதும் அவள் வாய் திறந்தது.

"பாட்டி, தலையில ஊத்துனா கண்ணுல போகாதா?"

"அவரு கண்ணை மூடிக்குவாரு கண்ணு."

"மூடவே இல்லையே! தும்பிக்கைக்குள்ள பாலு போயிட்டா தும்முவாரா?"

"பிள்ளையாரு தும்ம மாட்டாரும்மா."

"நான் குளிக்கிறப்ப மூக்குல தண்ணி போச்சுல்ல, அப்ப நான் தும்முனேன்ல? எனக்குச் சின்ன மூக்கு. அவருக்குப் பெரிய மூக்கு. நெறைய போகும்."

சந்தனக்காப்பு தொடங்கியதும், "இப்ப பவுடர் போடுறாங்க, குளிச்சு முடிச்சதும் நீங்க எனக்குப் போட்டு விடுற மாதிரி" என்றாள். திரை போட்டதும், "ஏன் மூடுறாங்க? சட்டை மாத்துறாரா?" என்றாள். திரை விலகும் வரை ஓயவில்லை.

நான் திகைத்துப் போனேன். அட்டையில் உள்ள யானையின் பெயரைச் சொல்லாத பிள்ளை, யானைமுகத்தான் தும்முவாரா என்று தர்க்கம் செய்கிறாள். "ஊத்துனா", "போயிட்டா" என்று நிபந்தனை வைத்துப் பேசுகிறாள். நடந்து முடிந்ததைச் சான்று காட்டுகிறாள். "மாதிரி" என்று உவமை சொல்கிறாள். ஒரு மொழியின் இலக்கணத்தில் கடினமான பகுதிகள் எவையோ அவை அவளிடம் இருந்தன. நான் வகுப்பில் சோதித்தது வெறும் பெயர்ச்சொற்களை. அதைக்கூட அவளுக்கு அறிமுகமில்லாத முறையில் சோதித்திருக்கிறேன்.

தீபாராதனை முடிந்தபின் பாட்டியிடம் சென்று பேசினேன். "உங்க பேத்தி இவ்வளவு நல்லாப் பேசுறாளேம்மா, எனக்குத் தெரியவே இல்லையே" என்றேன். அந்த அம்மையார் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்ன பதில் இது:

"நீங்க எழுதிக் குடுத்தீங்கள்ல டீச்சர், அதைப் பார்த்துட்டு மகனும் மருமகளும் பயந்துட்டாங்க. ரெண்டு மொழி பேசிப் பேசித்தான் பிள்ளை குழம்பிப் போச்சு, எப்படியும் தமிழ் வரலை, இங்கிலீஷாவது ஒழுங்கா வரட்டும்னு சொல்லி, வீட்டுல இனிமே எல்லாரும் இங்கிலீஷ்லயே பேசணும்னு முடிவு பண்ணிட்டாங்க. எனக்கு எங்க இங்கிலீஷ் வருது? வாட்டர், ஈட், சிலீப், அவ்வளவுதான். அதனால நான் வீட்டுல அதிகமாப் பேசறதில்லை. கோயிலுக்கு வந்தாத்தான் நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறோம்."

அந்த அம்மையார் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். ஆனால் அந்தச் சொற்கள் இன்றும் என் காதில் ஒலிக்கின்றன. அறிக்கையில் நான் எழுதிய ஒற்றை வரி ஒரு வீட்டில் பாட்டிக்கும் பேத்திக்கும் இடையிலான பேச்சை நிறுத்திவிட்டிருந்தது.

ஆய்வாளர்கள் கண்டது

அதன்பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். எனக்கு நேர்ந்தது புதிதன்று என்பது தெரிய வந்தது.

பிரிட்டனில் பார்பரா டிசார்ட், மார்ட்டின் ஹியூஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் லண்டனைச் சேர்ந்த ஏறத்தாழ நான்கு வயதுச் சிறுமியர் 30 பேரின் பேச்சைப் பதிவு செய்தார்கள். பிள்ளைகள் அணிந்திருந்த உடையில் சிறிய ஒலிவாங்கியைப் பொருத்தி, அதே பிள்ளை பாலர் பள்ளியில் என்ன பேசுகிறாள், வீட்டில் தாயிடம் என்ன பேசுகிறாள் என்று ஒப்பிட்டார்கள். அந்த ஆய்வு 1984ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. வீட்டில் ஒரு மணி நேரத்திற்குச் சராசரியாக 26 கேள்விகள் கேட்ட பிள்ளைகள், பள்ளியில் ஆசிரியரிடம் மணிக்கு 2 கேள்விகளே கேட்டார்கள். பள்ளியில் பேச்சு சுருங்கிப்போனது. விடைகள் ஓரிரு சொற்களில் முடிந்தன. குறிப்பாக, உழைப்பாளர் குடும்பத்துப் பிள்ளைகளிடம் இந்த வேறுபாடு மிகுதியாக இருந்தது. அவர்களை வகுப்பறையில் மட்டும் பார்த்த ஒருவர், "இப்பிள்ளைகளுக்கு மொழி வளம் இல்லை, வீட்டில் யாரும் பேசுவதில்லை போலும்" என்றுதான் எண்ணியிருப்பார். உண்மையோ நேர்மாறானது.

அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டிலும் பள்ளியிலும் ஒரே மொழிதான், ஆங்கிலம். மொழி மாறாமல் இடம் மட்டும் மாறும்போதே இவ்வளவு வேறுபாடு என்றால், வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் மற்றொன்று, விளையாட்டுத் திடலில் இரண்டும் கலந்தது என்று வாழும் நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, கேட்பவருக்கும் பிள்ளைக்கும் பொதுவான வாழ்க்கை இருக்கிறதா என்பது. குளியலறையில் மூக்கில் தண்ணீர் போனது பாட்டிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பழைய அனுபவத்தைத் தொட்டுப் பேச ஆள் இருந்தால் பேச்சு நீளும். இரண்டாவது, யார் கேள்வி கேட்கிறார் என்பது. வகுப்பறையில் கேட்பவர் ஆசிரியர். அதுவும் தமக்கு விடை தெரிந்த கேள்வியைக் கேட்கிறார். "இது என்ன?" என்று யானையைக் காட்டும் ஆசிரியைக்கு அது யானை என்பது தெரியாதா என்ன? பிள்ளைக்கு அது பேச்சாகத் தோன்றுவதில்லை, சோதனையாகத் தோன்றுகிறது. தவறிவிட்டால் இருபது பிள்ளைகளின் முன் தவறிவிடும். பேசாமல் இருப்பதே பாதுகாப்பு. மூன்றாவது, நேரம். பாட்டிக்கு அவசரமில்லை. எனக்கு அடுத்த அட்டை இருந்தது.

இவற்றோடு, புதிய மொழிச் சூழலில் நுழையும் பிள்ளைகள் சிலர் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், வாய் திறவாமல் உற்றுக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவ்வாறு கேட்டுக்கொண்டிருப்பதும் கற்றலே.

ஒரு பிள்ளை, பல பேச்சு

நம் பிள்ளைகளை ஒரு நாள் முழுதும் பின்தொடர்ந்து பாருங்கள். காலையில் பாட்டியிடம், "பசியாற வேணாம், வயிறு வலிக்குது" என்று தமிழில் தொடங்கும். மின்தூக்கியில் பக்கத்து வீட்டுச் சீன அம்மையாரிடம் "குட் மார்னிங் ஆன்ட்டி" என்று குரலை உயர்த்தும். வீட்டுப் பணிப்பெண்ணிடம் பெயர்ச்சொற்களும் கைச்சாடையுமாக ஒரு தனி ஆங்கிலம். புளோக்கின் கீழ்த்தளத்தில் மற்றப் பிள்ளைகளோடு ஓடும்போது, வாக்கியத்தின் முடிவில் ஒரு "லா" வந்து ஒட்டிக்கொள்ளும். மாலையில் தாத்தா கைபிடித்து, "ஜாலான் போலாமா?" என்று மலாய்ச் சொல்லைத் தமிழோடு சேர்த்துக் கேட்கும். தம்பிப் பாப்பாவைக் கண்டால் குரல் மெலிந்து மழலையாகிவிடும்.

நான்கு வயதிலேயே இத்திறன் வந்துவிடுகிறது என்பதை மேரிலின் ஷாட்ஸ், ரோசெல் கெல்மன் ஆகிய இருவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். ஒரு பொம்மையை விளக்கச் சொன்னபோது, நான்கு வயதுப் பிள்ளைகள் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் குட்டை வாக்கியங்களிலும், பெரியவர்களிடம் நீண்ட வாக்கியங்களிலும் பேசினார்கள். கேட்பவர் யார் என்று அறிந்து பேச்சை மாற்றிக்கொள்வது யாரும் பாடமாகச் சொல்லிக் கொடுக்காத அறிவு. ஆகவே ஒரு பிள்ளை ஓரிடத்தில் ஒரு மாதிரியும் வேறிடத்தில் வேறு மாதிரியும் பேசினால், அது குழப்பம் அன்று. பிள்ளை சூழலைச் சரியாகக் கணித்திருக்கிறது என்றே பொருள்.

இந்த உண்மையிலிருந்து பெற்றோர் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பிள்ளை ஒரு மொழியைப் பேசுவதற்கு அம்மொழிக்கென்று ஓர் ஆளும் ஓர் இடமும் வேண்டும். "இன்று முதல் தமிழ் பேசு" என்று ஆணையிட்டால் பேச்சு வராது. தமிழில்தான் பேச முடியும் என்றொருவர் வீட்டில் இருந்தால், கேட்காமலே வரும். அந்தச் சிறுமிக்கு அப்படிப்பட்டவர் பாட்டி ஒருவரே. அவரைத்தான் நான் அறியாமல் வாயடைத்துவிட்டேன்.

தண்ணியும் தண்ணீரும்

நம் மொழிக்கே உரிய சிக்கல் ஒன்றையும் இங்குக் குறிப்பிடக் கடமைப்பட்டுள்ளேன். தமிழுக்குப் பேச்சு வழக்கு, எழுத்து வழக்கு என இரு வடிவங்கள் உண்டு. ஒரே மொழி இவ்வாறு வீட்டுக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று என இரண்டாகப் புழங்கும் நிலையைச் சார்லஸ் ஃபெர்குசன் என்னும் மொழியியலறிஞர் 1959இல் எழுதிய கட்டுரையில் விரிவாக விளக்கினார். எழுதுவது "அவர்கள் வருகிறார்கள்". பேசுவது "அவங்க வர்றாங்க". எழுதுவது "எனக்குத் தண்ணீர் வேண்டும்". கேட்பது "எனக்குத் தண்ணி வேணும்". பெரியவர்களாகிய நாம் இவ்விரண்டுக்கும் இடையே எளிதில் சென்று வருகிறோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டாவது வடிவம் புதியது.

என் வகுப்பில் பல ஆண்டுகள் நான் பேசியது எழுத்துத் தமிழே. தூய தமிழில் பேசினால் பிள்ளைகள் தூய தமிழ் கற்பார்கள் என்பது என் நம்பிக்கை. "டீச்சர், தண்ணி வேணும்" என்று ஒரு பிள்ளை தானாக முன்வந்து கேட்டால், "தண்ணி அல்ல, தண்ணீர். 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று சொல்" என்பேன். இப்போது நினைத்துப் பார்க்கிறேன். தாகத்தோடு வந்த பிள்ளைக்கு நான் தந்தது திருத்தம். மறுமுறை அப்பிள்ளை "வாட்டர்" என்று கேட்டது. ஆங்கிலத்தில் கேட்டால் யாரும் திருத்துவதில்லை! இதைவிடப் பெரிய தீங்கு ஒன்றும் உண்டு. "தண்ணி" தவறு என்றால், அச்சொல்லைத் தந்த பாட்டியின் பேச்சும் தவறு என்றாகிறது. பிள்ளைகள் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் புரிந்துகொள்வார்கள்.

சிங்கப்பூரில் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பிக்கும் முறையையும் ஆராய அமைக்கப்பட்ட மறுஆய்வுக் குழு 2005ஆம் ஆண்டு தன் பரிந்துரைகளை வெளியிட்டபோது, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தரப்பட வேண்டும் என்று வலியுறுத்தியது. பேச்சுத் தமிழ் என்றால் கொச்சை என்று பொருளன்று. படித்தவர்கள் ஒருவரோடொருவர் மரியாதையாக உரையாடும் வழக்கே அது. எழுத்துத் தமிழைப் பிள்ளைகள் கதை கேட்டும் பாடல் பாடியும் பிறகு படித்தும் கற்றுக்கொள்வார்கள். ஆனால் வாயில் இருக்கும் தமிழைப் பிடுங்கிவிட்டு ஏட்டில் இருக்கும் தமிழை அங்கே நட முடியாது. வேர் பிடித்த செடியில்தான் ஒட்டுக் கட்ட முடியும்.

எண்கள் சொல்வது

இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் தருகிறேன் என்று அன்பர்கள் கேட்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சிங்கப்பூரில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள இந்தியக் குடியிருப்பாளர்களில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2000ஆம் ஆண்டில் 42.9 விழுக்காட்டினர். 2010இல் அது 36.7 விழுக்காடு. 2020இல் 27.9 விழுக்காடு. அதே காலத்தில், ஆங்கிலம் என்றவர்கள் 35.6 விழுக்காட்டிலிருந்து 59.2 விழுக்காடாக உயர்ந்துள்ளனர். இந்தியக் குடியிருப்பாளர் அனைவரும் தமிழர் அல்லர் என்றாலும், காற்று எத்திசையில் வீசுகிறது என்பது தெளிவு.

தமிழ் இந்நாட்டின் அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. பள்ளியில் கற்பிக்கப்படுகிறது, வானொலியும் தொலைக்காட்சியும் செய்தித்தாளும் உண்டு. இவ்வளவு ஆதரவு பெற்ற புலம்பெயர் தமிழர் சமூகங்கள் உலகில் மிகச் சிலவே. ஆயினும் மேலிருந்து வரும் ஆதரவு எவ்வளவு இருந்தாலும், அடுக்களையில் யாராவது ஒருவர் பிள்ளையிடம் தமிழில் பேசவில்லையென்றால், அது பாடமாகிவிடும், பேச்சாக இராது. இந்த எண்கள் குறைவது மேடையில் நிகழ்வதன்று. எங்கோ ஒரு வீட்டில், ஏதோ ஓர் அறிக்கையைப் படித்துவிட்டு, நல்லெண்ணத்தோடு, "இனிமேல் ஆங்கிலம் மட்டும்" என்று முடிவு செய்யும் இரவில் நிகழ்கிறது. அத்தகைய இரவு ஒன்றுக்கு நானும் காரணமாக இருந்தேன்.

இரு மொழி கேட்டு வளர்வதால் பிள்ளை குழம்பிவிடும் என்னும் அச்சத்திற்கு ஆதாரம் இல்லை. சொற்களைக் கலந்து பேசுவது நோயன்று. இரு மொழிப் பிள்ளைகள் உலகெங்கும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்த இடத்திலும், எவரிடமும், எந்த மொழியிலும் வயதுக்கேற்ற பேச்சு இல்லை என்றால், காலம் தாழ்த்தாமல் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். "கோயிலில் பேசும், வீட்டில் பேசும், வகுப்பில் மட்டும் பேசாது" என்பது வேறு. "எங்குமே பேசாது" என்பது வேறு. வகுப்பில் உள்ள மௌனம் பல மாதங்கள் ஆகியும் தளராவிட்டால், அதற்கும் ஆலோசனை பெறுவது நன்று. இவ்வேறுபாட்டை அறியவேண்டுமானாலும், பிள்ளையின் பேச்சைப் பல இடங்களில் கேட்டால்தான் முடியும்.

பிறகு நடந்தது

அந்த வார இறுதியில் பெற்றோரை நேரில் சந்தித்தேன். நான் எழுதியது முழுமையான உண்மை அன்று என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஆலயத்தில் கேட்டவற்றையெல்லாம் அப்படியே சொன்னேன். தாய் சிரித்துவிட்டு, பிறகு கண் கலங்கினார். தந்தை, "டீச்சர் எழுதிட்டாங்களேன்னு நம்பித்தான் செஞ்சோம்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. புதிய அறிக்கை ஒன்றை எழுதிக் கொடுத்தேன். அதில், "வகுப்பில் இன்னும் பேசத் தொடங்கவில்லை. பாட்டியிடம் தமிழில் காரணம் காட்டி, ஒப்பிட்டு, கேள்வி கேட்டுப் பேசுகிறாள். பாட்டியோடு பேசும் நேரத்தைக் குறைக்க வேண்டாம்" என்று எழுதினேன்.

எல்லாம் உடனே பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். மூன்று மாதப் பழக்கத்தில் அப்பிள்ளை வீட்டில் பாட்டிக்கும் ஆங்கிலத்திலேயே விடை சொல்லத் தொடங்கியிருந்தாள். பாட்டி தமிழில் கேட்பார். பேத்தி "யெஸ்" என்பாள். ஆலயத்திலும், பாட்டி அடுக்களையில் மாவு பிசையும் வேளையிலும் மட்டும் தமிழ் திரும்பி வந்தது. வீட்டின் மற்ற நேரங்களுக்கு அது முழுமையாகப் பரவவே இல்லை. ஒரு வாசலை மூடுவதற்கு ஒரு வரி போதும்; திறப்பதற்கு எத்தனை மாதங்கள் ஆகும் என்பதை அன்று கற்றேன்.

வகுப்பில் நானும் மாறினேன். பட அட்டைகளை ஓரமாக வைத்துவிட்டு, நாளுக்கு மூன்று பிள்ளைகள் என்று பாயில் உட்கார்ந்து அவர்கள் விளையாட்டில் கலந்துகொண்டேன். விடை தெரிந்த கேள்விகளைக் கேட்பதைக் குறைத்தேன். பேச்சுத் தமிழில் பேசினேன். "தண்ணி" கேட்டால் தண்ணீர் கொடுத்தேன். கொடுத்தபின், "இந்தா, தண்ணீர்" என்று ஒருமுறை சொல்லி வைத்தேன். நவம்பர் மாதத்தில் ஒரு நாள், களிமண்ணில் பிள்ளையார் செய்துகொண்டிருந்த அந்தச் சிறுமி, தலை நிமிராமல், "டீச்சர், தும்பிக்கை உடைஞ்சிருச்சு" என்றாள். அவள் எனக்குச் சொன்ன முதல் தமிழ் வாக்கியம் அதுதான்.

பெற்றோருக்கும் நன்கொடையாளருக்கும்

பெற்றோருக்குச் சில சொற்கள். ஆசிரியை எழுதும் அறிக்கை, பிள்ளை ஓரிடத்தில் இருந்த நிலையை மட்டும் காட்டும் ஒரு புகைப்படம். அதை வைத்து வீட்டு மொழியை மாற்றாதீர்கள். தாத்தா பாட்டியிடம் பிள்ளை பேசுவதை மறைவில் நின்று கேளுங்கள்; பிறகு ஆசிரியையிடம் வந்து சொல்லுங்கள். விருந்தினர் முன்னால், "எங்கே, மாமாவுக்குத் தமிழில் ஒரு பாட்டுப் பாடு" என்று நிற்க வைக்காதீர்கள். பிள்ளை ஆங்கிலத்தில் விடை சொன்னாலும், நீங்கள் தமிழிலேயே தொடருங்கள். கேள்வி கேட்டபின் சற்றே பொறுத்திருங்கள். சமைக்கும்போதும், துணி மடிக்கும்போதும், ஆலயத்திற்கு நடந்து வரும்போதும் பேசுங்கள். கைகள் வேலை செய்யும்போது பிள்ளைகளின் வாய் தானே திறக்கும்.

நன்கொடையாளப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். பாலர் பள்ளிகளுக்கும் ஆலய வகுப்புகளுக்கும் தாங்கள் புத்தகங்களும் பரிசுக் கோப்பைகளும் வழங்கி வருகிறீர்கள். அதற்கு என்றும் நன்றியுடையோம். அவற்றோடு, கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்றையும் மனத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறேன். இருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை என்றால் பிள்ளைகள் பாடம் கேட்கலாம், பேச முடியாது. கூடுதலாக ஒரு துணை ஆசிரியைக்கு ஆகும் ஊதியம், எத்தனையோ பிள்ளைகளின் வாயைத் திறக்கும். நம் ஆலயங்களுக்கு நாள்தோறும் வந்து போகும் முதியவர்கள் பலர், வீட்டில் பேச்சுத் துணையின்றி இருக்கிறார்கள். அன்னதானக் கூடத்தில் உணவு முடிந்த பின் ஒரு மணி நேரம், ஒரு பாய், ஒரு தாத்தாவோ பாட்டியோ, நான்கைந்து பிள்ளைகள். பூத்தொடுக்கலாம், வெற்றிலை துடைத்து அடுக்கலாம், விளக்குக்குத் திரி திரிக்கலாம். இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. ஏற்பாடு செய்ய ஒருவர் முன்வந்தால் போதும். ஆலயம் வழிபாட்டுக்குரிய இடம் மட்டுமன்று. பல குடும்பங்களுக்கு, மூன்று தலைமுறையும் ஒன்றாக அமர்ந்து ஒரே மொழியில் பேசக்கூடிய கடைசி இடமும் அதுவே.

ஆலயத்தில் குழந்தைகள் தொணதொணவென்று கேள்வி கேட்டால், "உஷ், சத்தம் போடாதே" என்று நம்மில் பலர் அடக்குகிறோம். பிறருக்கு இடையூறு ஆகக்கூடாது என்பது உண்மைதான். ஆயினும் அடுத்த முறை அடக்குமுன் ஒரு கணம் செவி சாயுங்கள். அந்தக் குழந்தை அன்று முழுவதும் தமிழில் பேசும் ஒரே நேரம் அதுவாக இருக்கலாம். மெல்லிய குரலில் பதில் சொல்லுங்கள்.

அபிஷேகப் பாலைக் காணும்போதெல்லாம் பிள்ளையார் தும்முவாரா என்னும் அந்தக் கேள்வி எனக்கு நினைவுக்கு வருகிறது. ஐங்கரன் அந்தப் பிள்ளையின் நாவிலும், அவளைப் போன்ற எல்லாப் பிள்ளைகளின் நாவிலும் தமிழ் நிலைக்க அருள்வாராக.